ஒரு படுக்கை போதும்

எங்கள் படகில் எல்லாமே ஒன்றுதான். படுக்கை ஒன்று, மழைக்கோட்டு ஒன்று, இடுப்பில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்பு வார் ஒன்று. இதை நானே படகுச் சங்கத்தில் போய்ச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மழைக்கோட்டு, அவ்வளவு ஒற்றுமை என்று பீற்றிக்கொண்டேன். என்னைப்போல ஒரு மக்கைத் தேடினாலும் கிடைக்காது.

ஆனால் அதற்கு ஒரு நியாயம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். சின்னப் பாய்மரப் படகில் நெடுந்தூரம் போகிற தம்பதிகள் முறை வைத்துக்கொள்வார்கள். ஒருவர் மேலே உட்கார்ந்து சுக்கான் பிடிக்க, மற்றவர் உள்ளே தூங்குவார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூங்கினால் ஏதாவது சரக்குக் கப்பல் வந்து ஏறிவிட்டுப் போகும். அதனால் ஒரு படுக்கை போதும். மேலே இருப்பவருக்குத்தான் நனையும், அதனால் ஒரு மழைக்கோட்டு. மேலே இருப்பவர்தான் கடலில் விழுவார், அதனால் ஒரு வார். என் கணவர் ஒவ்வொன்றையும் இப்படித்தான் எனக்கு விளக்கினார். எனக்கும் அது பிடித்திருந்தது. அவர் எழுந்துபோன சூட்டில் நான் போய்ப் படுத்துக்கொள்ளப் போகிறேன் என்று நினைக்கும்போதே மனசு என்னமோ செய்யும். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து அப்படி நினைக்க வெட்கமாகவும் இருக்கும்.

அவர் லிப்ட் மெக்கானிக். மாடிக் கட்டடங்களில் நடுவழியில் நின்றுபோன பெட்டியைக் கீழே இறக்கி, உள்ளே வேர்த்து நிற்கிறவர்களிடம் திட்டு வாங்குகிற வேலை. நான் கார் சீட் உறையும் கடை வாசல் கூரைத்துணியும் தைக்கிற இடத்தில் தையல்காரி. நாங்கள் இரண்டு பேரும் கடலுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத குடும்பத்துப் பிள்ளைகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் படகுச் சங்கத்து வாடகைப் படகில் ஏறினோம். நான் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். அடுத்த ஞாயிறு நான்தான் அவரை இழுத்துக்கொண்டு போனேன். அன்று சுக்கானைப் பிடித்தவள் கரை வரும்வரை விடவில்லை. உங்க வீட்டம்மாவுக்குக் கைராசி இருக்கிறது என்று சங்கத்துச் செயலாளர் அவரிடம் சொன்னார். செயலாளரை எல்லாரும் கேப்டன் என்பார்கள். மனிதர் ஆயுசு முழுக்க ஐஸ்பெட்டி விற்றவர், ஆனால் தொப்பி மட்டும் கேப்டன் தொப்பி.

அப்புறம் பைத்தியம் பிடித்துவிட்டது. படுக்கையறைச் சுவரில் நிலைக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கடல் வரைபடம் மாட்டினோம். முதலில் எதிர்த்தீவுகள், பிறகு அதற்கு அந்தாண்டை, பிறகு திரும்பவே அவசரமில்லாத தூரம். அவர் விரலால் கோடு போட்டுக் காட்டுவார், நான் எந்த ஊரில் இறங்கித் தலைக்குக் குளிக்கலாம் என்று கேட்பேன். ஒரு பழைய உடைசல் படகை வாங்கி, லாரிப் பட்டறைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் வைத்துச் செப்பனிட்டோம். லீவு நாளெல்லாம் அங்கேதான். என் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குக்கூட நகத்தில் பெயிண்ட்டோடு போய் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பாய்கள் முழுக்க என் பொறுப்பு. முதலாளி கடையின் பெரிய மெஷினை ஞாயிற்றுக்கிழமைகளில் விட்டுக்கொடுத்தார். துணியைத் தரை முழுக்க விரித்து, முழங்காலில் தவழ்ந்து வெட்டி, ஒவ்வொரு மூட்டுக்கும் மூன்று வரிசை தையல் போட்டேன். கூரைத்துணிக்கு இரண்டு வரிசை போதும். இதற்கு மூன்று, ஏனென்றால் நடுக்கடலில் இது கிழிந்தால் போவது நாங்கள் இரண்டு பேரும். அப்படி நினைத்து நினைத்துத்தான் தைத்தேன். விரலில் ஊசி ஏறாத வாரமில்லை.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நெடுந்தூரம் கிளம்புகிற படகின் கடைசிக் கயிற்றைக் கரையில் நிற்கிற வீட்டு மனிதர்தான் அவிழ்த்துப் போட வேண்டும். போகிறவர் தானே அவிழ்த்துக்கொண்டு போனால், அவர் திரும்பி வரக் கரையில் காத்திருக்க ஆளில்லை என்று அர்த்தம். யாரும் அப்படிப் போனதில்லை. நமக்கு யார் அவிழ்ப்பார்கள், இரண்டு பேருமே படகில் இருப்போமே என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். பார்த்துக்கலாம் என்றார். நாத்தனாரைக் கூப்பிடலாமா என்றேன். அதற்கும் பார்த்துக்கலாம் என்றார்.

படகைத் தண்ணீரில் இறக்கினோம். அடுத்தது நீர்க்கோடு போடும் வேலை. தண்ணீருக்குள் இருக்கிற பாகத்துக்குச் சிப்பியும் பாசியும் ஒட்டாத சிவப்புப் பெயிண்ட் அடிக்க வேண்டும். அது எதுவரை என்று தெரிய, படகில் ஏறப்போகிற மொத்தச் சுமைக்கும் ஈடாக மணல் மூட்டைகளை வைத்து, தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே குறி போட்டுக்கொள்வார்கள். சாமான், குடிதண்ணீர், ஆட்கள் எல்லாவற்றுக்கும் மூட்டை உண்டு. அந்த வாரம் கடையில் ஒரு பெரிய கூரைத்துணி வேலை. என்னால் போக முடியவில்லை. அவரே மூட்டை ஏற்றி, குறி போட்டு, படகை மேலே தூக்கிப் பெயிண்ட் அடித்து மறுபடி இறக்கிவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது கோடு வளையாமல், பிசிறில்லாமல் அவ்வளவு அழகாக இருந்தது. உங்களுக்குக் கை நடுங்கவே இல்லையே என்று பாராட்டினேன்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் சாமான் ஏற்றினோம். மளிகை என் வேலை. இரண்டு பேருக்குக் கணக்குப் பார்த்து வாங்கி, டப்பாக்களில் அடைத்து, தண்ணீர்க் கேன்களோடு வண்டியில் கொண்டுபோய் நானே இடம் பார்த்து அடுக்கினேன். அவர் கயிறுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் கேனை வைத்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று படகின் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். சிவப்புக் கோட்டைக் காணவில்லை. கையை விட்டுத் தடவினேன். இரண்டு விரல் ஆழத்தில் தண்ணீருக்குள் இருந்தது.

முதலில் நான் என்னைத்தான் திட்டிக்கொண்டேன், அதிகமாக வாங்கித் தொலைத்துவிட்டேனோ என்று. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்தார். முன்பக்கம் போய் விளக்கைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த விளக்கையே மறுபடி துடைத்தார்.

அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. இவர் லிப்ட் மெக்கானிக். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இத்தனை பேர், இத்தனை கிலோ என்று பலகை மாட்டுகிற மனிதர். கூட ஒரு ஆள் ஏறினால் பெட்டி நகராது என்று தெரிந்த மனிதர். இவருக்கா எடை தப்பும்?

படுக்கையை முறை வைத்துப் படுக்கலாம். மழைக்கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். எடையை எப்படி முறை வைப்பது? நான் தூங்கினாலும் விழித்திருந்தாலும் என் எடை படகில்தானே இருக்கும்.

நான் டப்பாக்களை இறக்க ஆரம்பித்தேன். சரிபாதியைத் துறைப் பலகையில் வைத்தேன். கேன்களிலும் பாதி. அவர் திரும்பிப் பார்த்தார், தடுக்கவில்லை. ஏன் இறக்குகிறாய் என்றாவது கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. எல்லாம் இறக்கின பிறகு நானும் இறங்கினேன். இறங்கிக் குனிந்து பார்த்தேன். சிவப்புக் கோடு தண்ணீர்மட்டத்தில் ஸ்கேல் வைத்த மாதிரி நின்றது. படகில் அவரும் அவருக்கு வேண்டிய சாமானும் மட்டும்தான்.

"இந்தக் கோடு போட்டப்ப நான் எங்க இருந்தேன்?" என்றேன்.

"கடையில இருந்தே."

"நான் அதைக் கேக்கல."

அவர் துணியை மடித்து வைத்தார். சொல்லலாம் என்றுதான் இருந்தாராம். பாய் முடியட்டும் என்று பார்த்தாராம், அப்புறம் படகு தண்ணீரில் இறங்கட்டும் என்று பார்த்தாராம். என்மேல் ஒரு குறையும் இல்லையாம். தனியாகப் போவது என்பது வேறு விஷயமாம், அது எனக்குப் புரியாதாம்.

"ரெண்டு பேரா போனா அது குடும்பம். வீட்டையே தூக்கிட்டுப் போற மாதிரி" என்றார். "தனியா போனாத்தான் அது பயணம்."

மனசுக்குள் அவன், இவன் என்றுதான் வந்தது. வாயைத் திறந்தால் 'நீங்க' என்றுதான் வருகிறது. என்ன பழக்கமோ, கர்மம்.

"எப்ப முடிவு பண்ணீங்க? நான் பாய் தைக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பொய் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? பின்னாடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அதைப் பிடித்துக்கொண்டு பிழைத்திருப்பேன்.

"முன்னாடி" என்றார்.

அப்படியானால் அந்த மூன்று வரிசைத் தையல் முழுக்க அவர் ஒருத்தருக்காக நான் தவழ்ந்து போட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து துணியைப் பிடித்துக் கொடுத்தார். என் விரலில் ரத்தம் வந்தபோது வாயில் வைத்து உறிஞ்சியும் விட்டார். அந்த ரத்தத்தின் ருசி தெரிந்த வாயால்தான் 'முன்னாடி' என்று சொன்னார். நான் துறையிலேயே உட்கார்ந்து டப்பாக்களுக்கு நடுவில் அழுதேன். அவர் இறங்கி வந்து தோளைத் தொட்டார். கையைத் தட்டிவிட்டேன்.

சங்கத்தில் எல்லாருக்கும் முன்பே தெரியும் என்பது அடுத்த அடி. கேப்டனிடம் நேராகப் போய்க் கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நீயே சம்மதித்துத்தான் அனுப்புகிறாய் என்று உன் வீட்டுக்காரர் சொன்னாரே என்றார்.

"பெரிய மனசும்மா உனக்கு."

"மனசு பெரிசுதான் கேப்டன், படகுலதான் அதை வைக்க இடமில்ல" என்றேன். அவர் அதற்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் வீட்டில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. வரைபடத்தைச் சுருட்டி அவர் எடுத்துக்கொண்டு போனார். சுவரில் மங்காத சதுரம் ஒன்று மிச்சம் இருந்தது. ஒருநாள் கடைக் கத்தரிக்கோலோடு துறைக்குப் போனேன், மறைப்பானேன். மடித்து வைத்திருந்த பெரிய பாயைப் பிரித்தேன். தையல் ஒன்றுகூடப் பிசகாமல் ஓடியிருந்தது. என் கையால் இதைவிட நல்ல வேலை நடந்ததில்லை, இனி நடக்கப்போவதும் இல்லை. வெட்ட மனசு வராமல் மடித்து வைத்துவிட்டு வந்தேன். அவர் பிழைத்துப் போகட்டும் என்றல்ல, என் வேலை நடுக்கடலில் கிழிந்தது என்று யாரும் சொல்லக் கூடாது.

கிளம்புகிற காலை துறை முழுக்கக் கூட்டம். மாலை போடாத குறைதான். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் திரும்பி வரும்வரை நான் வந்து உன்கூட இருக்கிறேன் அண்ணி என்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. என் கணவர் அந்த ஒரே மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, அந்த ஒரே வாரை மாட்டிக்கொண்டு சுக்கானடியில் உட்கார்ந்திருந்தார். பாய்க் கயிறுகள் எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே அவர் கைக்கு எட்டின. நீ தூங்கும்போது உன்னை எழுப்பாமல் இருக்கத்தான் என்று சொல்லி, என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி மாட்டின கயிறுகள். மாட்டின அன்று பிடித்துக்கொண்டு நின்றேன், வேறென்ன.

படகைக் கரையோடு கட்டியிருந்த மற்றக் கயிறுகளை எடுத்துவிட்டார்கள். கரையில் முளைக்குச்சியில் சுற்றியிருந்த கடைசிக் கயிறு மட்டும் பாக்கி. கேப்டன் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். யாரோ போட்டோ எடுக்கக் கையைத் தூக்கினார்கள். அவரும் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. அவருக்கும் அந்த வழக்கத்தின் அர்த்தம் தெரியும், தனியாகப் போகப் பிரியப்பட்டாலும் திரும்பி வர ஒரு ஆள் வேண்டும் என்று நினைக்கிறவர்தானே.

நான் குனிந்து கயிற்றைத் தொட்டேன். ஈரமாக, இறுக்கமாக இருந்தது. ஒரு சுற்றை எடுத்தால் போதும். கையை எடுத்துக்கொண்டேன்.

"எல்லாத்தையும் ஒருத்தரே செய்யற மாதிரிதானே பண்ணியிருக்கீங்க" என்றேன். "இதையும் நீங்களே அவிழ்த்துக்கங்க."

நாத்தனார் அண்ணி என்று மெதுவாகச் சொன்னாள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தேன். எட்டி நடந்தால் கடை திறப்பதற்குள் போய்விடலாம், முதலாளியிடம் ஒரு லாரித் தார்ப்பாய் காத்துக்கொண்டிருந்தது. பின்னால் பலகை அதிர்ந்தது. அவர் படகிலிருந்து கரைக்கு ஏறுகிற சத்தம். அவர் எடை இறங்கியதும் படகு கொஞ்சம் எழும்பியிருக்கும், அந்தச் சிவப்புக் கோடு வெளியே தெரிந்திருக்கும். நான் திரும்பிப் பார்க்கவில்லை.