ஒரு கரண்டி பழைய ஆயில்

அர்த்தநாரியின் புது லாரி பின்பக்கத்தை வீட்டு வாசலுக்குள் நுழைத்துக்கொண்டு நின்றது. சங்ககிரிப் பக்கம் எந்தப் புது லாரியும் முதலில் அப்படித்தான் நிற்கும். வாங்கியவர் அதன் முகத்துக்கு நேராக நின்று, என்ன ஆயில் ஊற்றப்போகிறேன், எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றப்போகிறேன் என்று இரண்டையும் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் முன்னால் வந்து ரோட்டில் ஏறிவிடும். தப்பாகச் சொன்னால் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். முழுசாக உள்ளே போய்விட்டால் வீடு லாரிக்குச் சொந்தம், ஆள் வெளியே. இதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

எதிர்வீட்டு நல்லதம்பி அவசரத்தில் வாய்க்கு வந்த பெயரைச் சொன்னார். இப்போது பஸ் ஸ்டாண்டில் குடியிருக்கிறார். அவர் வீட்டு ஜன்னலில் இரண்டு ஹெட்லைட் தெரியும். தெருவில் போகிறவர்கள் அதற்கும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

அர்த்தநாரிக்குப் பயமே இல்லை. தலை நரைக்கிற வரைக்கும் லாரி ஓட்டியவர். நேற்று வந்த வண்டி தன்னிடம் கேள்வி கேட்பதாவது என்று மீசையைத் தடவிக்கொண்டார். மனுஷனுக்கு அறிவைவிட மீசை கொஞ்சம் பெரிது.

அவர் மனைவி கோகிலா வீட்டுக்குள் இருந்தாள். வாசலை லாரி அடைத்துவிட்டது. கொல்லைக் கதவு காலையிலேயே சுவராகிவிட்டது. ஜன்னல் கம்பி வழியாகத்தான் அவள் முகம் தெரிந்தது.

"ஏனுங்க, சீக்கிரம் சொல்லிப்போடுங்க. கட்டிலுக்கு மேல டயர் நிக்குது."

"அவசரப்படாத புள்ள. மொதல்ல உறை ஊத்தோணும்."

உறை என்பது அந்தப் பக்கத்து வழக்கம். பழைய லாரியின் ஆயிலில் ஒரு கரண்டி எடுத்து வைத்திருந்து புது லாரியில் ஊற்றுவார்கள், பாலில் தயிர் ஊற்றுகிற மாதிரி. அப்போதுதான் வண்டி குடும்பத்தோடு ஒட்டுமாம். எந்தக் கம்பெனியும் இப்படிச் சொன்னதில்லை. கேட்டால் மயக்கம் போட்டு விழுவார்கள்.

அர்த்தநாரி பழைய லாரியை விற்கும்போதே ஒரு பாட்டிலில் எடுத்து வைத்திருந்தார். அது ஆயில் மாதிரியே இல்லை. தார் மாதிரி கறுத்துக் கிடந்தது. பாட்டிலைக் கவிழ்த்தால் யோசித்துவிட்டுத்தான் இறங்கியது. முன்பக்கத்து மூடியைத் திறந்து ஒரு கரண்டி ஊற்றினார்.

லாரி இருமியது. பிறகு அவரைப் பார்த்தது. புது வண்டி பார்க்கிற பார்வை இல்லை அது. பல வருசம் கூட இருந்து சலித்தவர்கள் பார்க்கிற பார்வை.

"சரி, கேட்டுக்க," என்றார் அர்த்தநாரி. "என்ன ஆயிலுன்னா, எப்பவும் ஊத்தறதுதான்."

ரிவர்ஸ் சத்தம் பீப் பீப் என்று கேட்டது. லாரி பாதி உள்ளே போய்விட்டது. லாரியைவிட அந்த வீடு சிறியது. ஆனாலும் லாரி பின்சுவரைத் தாண்டி எங்கேயும் வெளியே வரவில்லை. உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"அடுப்பங்கர போச்சுங்க," என்றாள் கோகிலா.

அர்த்தநாரி கேபினில் ஏறிக் கம்பெனி கொடுத்த புஸ்தகத்தை எடுத்தார். தடியாக இருந்தது. திறக்கவே இல்லை. ஜன்னல் கம்பி வழியாக உள்ளே எறிந்தார்.

"அடுப்புக்குப் போடு."

"அடுப்பே இல்லீங்களே," என்று சொல்லிவிட்டு அவள் அதைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தாள். வலது கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள். இடது கண்ணில் பார்வை போய் ஒரு வருசம் ஆகிறது.

அர்த்தநாரி பைபாஸ் பக்கம் இருக்கும் வையாபுரியின் ஆயில் கடைக்குப் போனார். அவர் நுழைந்ததும் கடை நீண்டது. இரண்டு பக்கமும் ஆயில் பக்கெட்டுகள் அடுக்கியிருந்தன. வையாபுரி கடைசியில் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். நடக்க நடக்க அவர் தள்ளிப் போனார். அதனால் இருவரும் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"என்ன வண்டி?"

"புதுசுங்க. பி.எஸ். சிக்ஸ்."

"உங்க மேல அதுக்குக் கோவமா?"

"நேத்துத்தானுங்க வந்துச்சு."

"நான் கேட்டது அதில்ல."

அர்த்தநாரி கொஞ்சம் யோசித்தார். "இருக்கும்."

"அப்பப் பதினஞ்சு நாப்பது கிரேடு ஆயில் தாங்காது."

"கிரேடு சூட்டுக்குத்தானுங்களே?"

"நானும் அதத்தான சொல்றேன்."

இடதுபக்க அலமாரியில் பக்கெட்டுகளுக்கு நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். தலையில் மஞ்சள் மூடி இறுக்கியிருந்தது.

"சிந்தெடிக் வாங்குங்க," என்றார் அவர். "மினரலும் நல்லதுதான்."

"நீங்க யாருங்க?"

"தெரியலீங்க. ரெண்டையும் கலந்துட்டேன்."

வையாபுரி எழுந்து நின்றார். தூரத்தில் நின்றதால் எழுந்தும் சின்னதாகவே தெரிந்தார். "கம்பெனி புஸ்தகத்துல என்ன போட்டிருக்குது?"

"புஸ்தகம் பாத்து ஆயில் ஊத்தற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகல."

"அப்ப இங்க எதுக்கு வந்தீங்க? வேடிக்க பாக்கவா?"

அலமாரிகளில் இருந்த அத்தனை பக்கெட்டுகளும் சிரித்தன. மூடிக்குள்ளே சிரித்ததால் சத்தம் அமுங்கிக் கேட்டது. அர்த்தநாரிக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது. கைக்கு அருகில் இருந்த பெரிய பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். எது விலை அதிகமோ அது நல்லதாகத்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். வழியில் பக்கெட் கனத்துக்கொண்டே வந்தது. அதன் மேல் எழுதியிருந்த பெயர் ஒவ்வொரு திருப்பத்திலும் மாறியது. தெருமுனைக்கு வந்தபோது 'டிராக்டருக்கு மட்டும்' என்று இருந்தது.

வாசலில் ஒரு பெண் டேப்பை நீட்டி, லாரி எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை. பெயர் திலகா. லாரிக் கம்பெனியின் சர்வீஸ் ஆள். இப்போது கேபின் மட்டும்தான் வெளியே இருந்தது.

"நான் எதுவுமே சொல்லலியே அம்மிணி. எப்படி உள்ள போச்சு?"

"நீங்க கடையில பேசுனது இதுக்குக் கேட்டுச்சு சார்."

அவள் லாரியின் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினாள். நுனியில் இருந்ததை விரலில் எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தாள். மோந்து பார்த்தாள். முகம் மாறவில்லை.

"பழைய ஆயில யாரு ஊத்துனது?"

"உறைங்க. எங்க பக்கத்து வழக்கம்."

"வண்டி என்ன பாலா சார்?"

"ஒட்டுறதுக்காக ஊத்தறதுங்க."

"ஒட்டிருச்சு. அந்த ஆயிலுக்குத் தெரிஞ்சதெல்லாம் இப்ப இதுக்கும் தெரியும்." கம்பியைத் துடைத்து உள்ளே போட்டாள். "சொல்லுங்க. எத்தன கிலோமீட்டருக்கு ஒரு தடவ மாத்துவீங்க?"

"பத்தாயிரம்."

"ஏன்?"

"எங்கப்பா அப்படித்தான் மாத்துவாரு."

"உங்கப்பா இந்த லாரியா ஓட்டுனாரு?"

பீப் பீப். கேபின் கதவு நிலைக்குள் போயிற்று.

"சரி அம்மிணி. நீங்களே சொல்லுங்க. நான் திருப்பிச் சொல்லிப்போடறேன்."

"ஐம்பதாயிரம்னு புஸ்தகத்துல இருக்கு."

"அம்பதாயிரம்," என்றார் அர்த்தநாரி, லாரியைப் பார்த்து, நெஞ்சில் கைவைத்து.

பீப் பீப். இப்போது ஹெட்லைட்டும் நம்பர் பிளேட்டும் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

"சரியாத்தான சொன்னேன்?"

"சொன்னது சரி சார். செய்வீங்கன்னு அது நம்பல."

அர்த்தநாரிக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. அந்த வீட்டுக்கு அவரே கல் சுமந்திருக்கிறார். உள்ளே அவர் படுக்கிற இடம் இருக்கிறது, அவர் டம்ளர் இருக்கிறது, கோகிலா இருக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் நல்லதம்பிக்குப் பக்கத்தில் துண்டை விரித்துப் படுப்பதை நினைத்தார்.

"கோகிலா," என்று கூப்பிட்டார். "என்ன பண்றதுன்னு தெரியலியே புள்ள."

ஜன்னலில் அவள் முகம் வந்தது. கையில் புஸ்தகம் இருந்தது. நடுவில் விரலை வைத்திருந்தாள்.

"இருக்கற ஆயில மொதல்ல வடிக்கோணுமாம். இஞ்சினு இப்ப என் பக்கந்தான் இருக்குது. நட்டு எங்கன்னு படம் போட்டிருக்குது. நான் வடிக்கறேன்."

"உனக்கு அதெல்லாம் வராது."

"நீங்க பேசாம நில்லுங்க."

லாரி உறுமியது. அவளைப் பார்த்து இல்லை.

கோகிலா ஒரு அண்டாவை உருட்டிக்கொண்டு போய் லாரிக்கடியில் வைத்துவிட்டு நட்டைக் கழற்றினாள். ஜன்னல் வழியாக அர்த்தநாரிக்கு அவள் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. முதலில் வந்தது ஆயில் இல்லை. குரல். கெட்டியாக, கறுப்பாக, நூல் மாதிரி இறங்கியது. அர்த்தநாரியின் குரல்தான்.

"இந்த ஒரு நடை போயிட்டு வந்து மாத்திக்கலாம்," என்றது அது. "தொப்பூர் மல ஏறிட்டா அப்புறம் எறக்கந்தான, தாங்கும். அடுத்த நடைக்குக் கட்டாயம். சத்தம் வந்தா வரட்டும், ரேடியோவக் கூட்டி வெய்யி."

அண்டா பாதி நிறைந்தது. குரல் நிற்கவில்லை.

"கண்ணுதான, எங்க போயிருது? இந்த லோடு எறக்கிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன். சொட்டு மருந்து ஊத்திக்க. எல்லாருக்கும் வர்றதுதான். அடுத்த நடை முடியட்டும் கோகிலா. அடுத்த நடை."

லாரிக்கடியில் அந்தக் கால்கள் அசையவே இல்லை. தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கறிகாய் வண்டிக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அர்த்தநாரி ஏதாவது பேசி அதை அமுக்கலாம் என்று வாயைத் திறந்தார். அவர் குரல் முழுக்க அண்டாவில் இருந்ததால் ஒன்றும் வரவில்லை.

கடைசிச் சொட்டு வரைக்கும் வடியவிட்டு, நட்டை இறுக்கிவிட்டு, கோகிலா லாரிக்கடியிலிருந்து வெளியே வந்தாள். அவள் அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்திருந்தது. ஒரு வருசமாக எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்த கோபம். இப்போது அதற்கு இடம் கிடைத்துவிட்டது.

"அந்த ஆயிலக் குடுங்க," என்று ஜன்னல் வழியாகத் திலகாவிடம் கேட்டாள். "புஸ்தகத்துல எழுதியிருக்கறது."

திலகா தன் வண்டியிலிருந்து ஒரு ஃபில்டரும் ஒரு பக்கெட்டும் எடுத்து வந்தாள். பக்கெட் ஜன்னல் கம்பிக்கு நடுவில் நுழையாத அளவு பெரிசு. நுழைந்தது. அர்த்தநாரி கொண்டுவந்த பக்கெட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கோகிலா ஃபில்டரையும் மாற்றிப் புது ஆயிலை ஊற்றி மூடியை இறுக்கினாள். பிறகு லாரியின் பானெட்டில் கை வைத்துச் சொன்னாள்.

"அம்பதாயிரம்னு போட்டிருக்குது. ஆனா மல ஏறற வண்டி, புழுதியில நிக்கற வண்டின்னா பாதியில மாத்தோணும்னு கீழ பொடி எழுத்துல இருக்குது. நான் பாதியில மாத்தறேன்."

லாரி சத்தமே இல்லாமல் ஸ்டார்ட் ஆனது. மெதுவாக முன்னால் வந்தது. ஓரமாக நின்ற அர்த்தநாரியை முன்பின் தெரியாத ஆளைப் போலக் கடந்து ரோட்டில் ஏறி நின்றது. வாசல் திறந்து கிடந்தது. உள்ளே கட்டில் இருந்தது. அடுப்பங்கரையும் கொல்லைக் கதவும் வந்துவிட்டன.

அர்த்தநாரிக்குக் குரல் திரும்பி வந்தது. கொஞ்சம்தான், ஆனால் போதும். "அப்பாடா," என்று செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் கால் வைத்தார்.

திலகா கையை நீட்டி மறித்தாள். "கொஞ்சம் நில்லுங்க சார். வண்டி வேல முடிஞ்சுது. உங்க வேல இன்னும் முடியல."

கோகிலா வாசலுக்கு வந்தாள். அவரைத் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தாள்.

"இவருக்கு எத்தனைக்கு ஒருக்கா மாத்தோணும்?"

"அது உங்க இஷ்டம் மேடம். கடைசியா எப்ப மாத்துனீங்க?"

"மாத்துனதே இல்ல. கல்யாணத்தப்ப இருந்ததுதான்."

திலகா உச்சுக்கொட்டினாள். கம்பெனிக்காரி முகத்தில் முதல்முறையாக இரக்கம் தெரிந்தது. அது கோகிலாவுக்கானது.

"நான் நல்லாத்தான இருக்கறேன்," என்றார் அர்த்தநாரி. "ஒரு சத்தமும் இல்லியே."

"இஞ்சின் சீஸாகி இறுகி நிக்கற வரைக்கும் சத்தம் வராது சார்." அவள் தன் உள்ளங்கையை அவர் நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். "சூடாத்தான் இருக்காரு மேடம். இப்பவே வடிச்சிடுங்க. ஆறிட்டா அடியில தங்கிரும்."

"வடிச்சிட்டா இவரு இவராவே இருப்பாரா?"

"அது புதுசா என்ன ஊத்தறீங்கங்கறதப் பொறுத்தது."

கோகிலா உள்ளே போனாள். அண்டாவில் இருந்ததைக் கொல்லையில் கொட்டும் சத்தம் கேட்டது. கொட்டும்போதும் அது ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். அவசரப்படாமல், உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டையும் தேய்த்துக் கழுவினாள்.

அண்டாவைக் கொண்டுவந்து படியில் அவர் காலுக்கு நடுவில் வைத்தாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நல்ல கண் இருக்கும் பக்கமாகத் தலையைச் சாய்த்தாள்.

"வலிக்குமா புள்ள?" என்று கேட்டார் அர்த்தநாரி.

"தெரியலீங்க. புஸ்தகத்துல போடல."

அர்த்தநாரி அசையாமல் நின்றார். வடிக்கும்போது அசைந்தால் வெளியே சிந்தும் என்பது அவருக்குத் தெரியும்.