தையல்காரர் செய்த ஸ்டூல்

தையல்காரரைப் பொறுத்தவரை இந்த உலகத்தில் இரண்டே வகை வாடிக்கையாளர்கள்தான். தைத்த சட்டையைப் போட்டுப் பார்த்து, "தோள் பிடிக்குது, கை தொங்குது" என்று முகத்தைச் சுளித்துத் திருப்பிக் கொடுப்பவர்கள் ஒரு வகை. "பிரமாதம்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகை அந்தச் சட்டையைக் கிழியும்வரை போடும். இரண்டாவது வகையின் சட்டை பீரோவில் தூங்கும். அவர்களும் அதற்கப்புறம் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள்.

அவருடைய மாமியார் இரண்டாவது வகை.

"எல்லாம் நல்லாயிருக்கு மாப்பிள்ளை." கல்யாணமான நாளிலிருந்து அந்த அம்மா அவரிடம் பேசியதில் பாதி இந்த ஒரு வாக்கியம்தான். ஆயுள் முழுக்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். மறுமுனையில் யார் கத்தினாலும், யார் திட்டினாலும் இனிக்க இனிக்கப் பதில் சொல்லியே பழகிவிட்டார். சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் நல்லாயிருக்கு. ஃபேன் ஓடாவிட்டாலும் நல்லாயிருக்கு. இப்படிப்பட்ட மனுஷியை வைத்துக்கொண்டு ஒரு மாப்பிள்ளை என்னதான் செய்வது?

மூட்டு ஆபரேஷன் முடிந்து மகள் வீட்டுக்கு வந்திருந்தார். அவருடைய சொந்த வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது, துணைக்கு ஆளும் கிடையாது. "அம்மா இங்கயே இருந்துட்டா எனக்கு நிம்மதியா இருக்கும்ங்க" என்று மனைவி தையல்காரரிடம் புலம்பாத நாளில்லை. அதையே அம்மாவிடம் சொன்னால், "இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்?" என்று பதில் வரும். ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் எடுத்துக் கைப்பையில் பத்திரமாக வைத்திருந்தார்.

தையல்காரரின் கண்ணில் பட்டது அந்த அம்மாவின் சோப்பு டப்பா. காலையில் குளிக்கப் போகும்போது ஒரு பாலிதீன் பையில் சோப்பு, பிரஷ், சீப்பு எல்லாவற்றையும் போட்டு எடுத்துப்போவார். திரும்பி வந்ததும் டப்பாவை ஈரம் போகத் துடைத்து, மறுபடி பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவார். லாட்ஜில் தங்குகிறவர்கள்கூட இவ்வளவு கறாராக இருக்க மாட்டார்கள்.

அன்று தையல்காரர் குளியலறைக்குள் போய் நின்று சுற்றிலும் பார்த்தார். ஜன்னல் விளிம்பு முழுக்கப் புருஷன் பெண்டாட்டியின் சாமான்கள். ஒரே ஆணியில் இரண்டு துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று. மூன்றாவதாக ஒருத்தர் ஒரு துரும்பை வைக்கக்கூட இடமில்லை. உட்கார்ந்து குளிக்கலாம் என்றால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டால் கதவு சாத்தாது. மனுஷி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே குளித்திருக்கிறார். இத்தனை நாளாக இதைக் கவனிக்காமல் நான் என்னத்தைக் கிழித்தேன் என்று அவருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"ஒரு சோப்புத் தட்டு, பிரஷ் ஸ்டாண்டு, துண்டு மாட்ட ஒரு பலகை, உட்கார ஒரு ஸ்டூல். நானே செய்யப்போறேன்" என்று மனைவியிடம் அறிவித்தார்.

"கடையில ரெடியா விக்குதே. உங்களுக்கு ஏங்க இந்த வேண்டாத வேலை?"

"ரெடிமேடு ஊருக்கு. தைச்சது ஆளுக்கு."

"நீங்க மரத்தைத் தைக்கிற அழகையும் பார்க்கத்தானே போறேன்" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள்.

தையல்கடைக்குப் பக்கத்துக் கடை கதவு, ஜன்னல் செய்கிற தச்சருடையது. கழித்துப்போட்ட தேக்குத் துண்டுகள் அங்கே மூலையில் குவிந்து கிடக்கும். கடையில் கூட்டம் இல்லாத மத்தியான நேரம் பார்த்து, கழுத்தில் அளவு நாடாவோடும் கையில் தையல் சாக்பீஸோடும் போய் நின்றார் தையல்காரர். ரம்பத்தையும் கொடுத்து உட்கார இடமும் கொடுத்தார் தச்சர். தையல்காரர் நாடா பிடித்து அளந்தார், சாக்பீஸால் கோடு போட்டார், அறுத்தார். வேலை என்னவோ மளமளவென்று நடந்தது.

முதலில் முடிந்தது பிரஷ் ஸ்டாண்டு. பெருமையோடு பிரஷ்ஷை ஓட்டைக்குள் விட்டார். அது தலையோடு உள்ளே நுழைந்து, அடி வழியாக வெளியே வந்து, காலடியில் விழுந்தது. சோப்புத் தட்டைப் பார்த்தால் அதில் சோப்பென்ன, கைக்குழந்தையையே படுக்க வைக்கலாம்.

தச்சர் நாடாவை வாங்கிக் கோடுகளை அளந்து பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எல்லாப் பக்கமும் அரை இன்ச் கூட விட்டிருக்கீங்களே, எதுக்கு?"

"தையலுக்கு..." என்று ஆரம்பித்த தையல்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மரத்தை மடிச்சுத் தைக்கவா போறீங்க?"

இத்தனை வருஷமாகக் கத்திரி பிடித்த கை. உள்ளே மடிப்பதற்கு அரை இன்ச் விடாமல் அதற்கு வெட்டத் தெரியாது. தையல்காரரும் சேர்ந்து சிரித்துவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி கோடு போட்டு அறுத்தார். தட்டில் தண்ணீர் தேங்காமல் வடிய இடைவெளி விட்டுச் சட்டங்களை அடித்தார். துண்டு மாட்டும் பலகையில் மூன்று முளைகள் வைத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க மரம் வழவழவென்று வந்தது. நல்ல துணியைத் தடவுவதுபோல அதைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்துக்கொண்டார். எண்ணெய் பூசிக் காயவைத்து, மறுபடி பூசினார். அந்த மத்தியானங்களில் மனசு லேசாகிப் பழைய பாட்டெல்லாம் வாயில் வந்தது. தனக்கு வயசு குறைந்துவிட்டதோ என்றுகூட அவருக்குச் சந்தேகம்.

ஸ்டூல் விஷயத்தில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

"காலும் நீளமாத்தான் இருக்கு. இதையும் குறைச்சிடலாமா?" என்றார் தச்சர்.

"அத்தைக்கு நான் அளவா எடுத்தேன்? குத்துமதிப்பா வெச்சதுதானே. டிரையல் பார்க்காம வெட்டிட்டா அப்புறம் ஒட்ட முடியுமா? உட்கார்ந்து பார்த்துட்டு அவங்களே சொல்லட்டும்."

வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் குளியலறையில் பொருத்தினார். ஸ்டூல் கால்கள் வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் வைத்தார். மனைவி வந்து பார்த்துவிட்டு அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். மாமியார் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"அத்தை, இது உங்க சோப்புக்கு. அந்த மூணாவது முளை உங்க துண்டுக்கு. ஸ்டூல்ல உட்கார்ந்து பார்த்து உயரம் சொன்னீங்கன்னா..."

"எல்லாம் நல்லாயிருக்கு மாப்பிள்ளை" என்றார் மாமியார்.

பீரோவில் தூங்கும் சட்டைகள் தையல்காரரின் ஞாபகத்துக்கு வந்தன.

அவர் பயந்தபடியேதான் ஆனது. மறுநாள் காலையில் மாமியார் குளித்துவிட்டு வந்ததும் இவர் மெல்ல உள்ளே போய்ப் பார்த்தார். தரை ஈரம், சுவர் ஈரம். மூலையில் தள்ளி வைத்திருந்த ஸ்டூலின் பலகையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சோப்புத் தட்டு காலி. மூன்றாவது முளையும் காலி. பாலிதீன் பை பெட்டிக்குள் போயிருந்தது. அன்று முழுக்கத் தையல் மிஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தது, எரிச்சலும் கூடிக்கொண்டே போனது.

சாயங்காலம் மாமியார் கூடத்தில் உட்கார்ந்து புடவைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உதவி செய்தாள். தையல்காரர் வந்து எதிரில் நின்றார்.

"அத்தை, ஒண்ணு சொல்வேன், தப்பா நினைக்கக் கூடாது."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"இந்த வீட்டுல இத்தனை வருஷத்துல நீங்க ஒரு குறைகூடச் சொன்னதில்ல. என் கடையில குறை சொல்லாதவங்க திரும்பி வரமாட்டாங்க அத்தை. போனா போனதுதான். 'இங்க பிடிக்குது, அங்க தொங்குது'ன்னு சண்டைக்கு நிக்கிறவங்கதான் நம்ம ஆளு. நீங்களும் ஒரு தடவையாவது சண்டைக்கு நில்லுங்களேன். இவளுக்காக மட்டும் சொல்லல. நீங்க இங்க இருந்தா எனக்கும்தான் சந்தோஷம்."

சொல்லிவிட்டு, தானா இவ்வளவு பேசினோம் என்று அவருக்கே வெட்கமாகிவிட்டது. மாமியார் அவரை ஏறிட்டுப் பார்த்தார். நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை. கையிலிருந்த புடவையை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்கு லீவு. தையல்காரர் காபி டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருந்தார், அதைக் குடிக்கத்தான் தோன்றவில்லை. உள்ளே குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"மாப்பிள்ளை! இங்க கொஞ்சம் வாங்க!"

எக்ஸ்சேஞ்சுக் குரல் இல்லை அது. எக்ஸ்சேஞ்சுக்குப் போன் செய்து கத்துகிறவர்களின் குரல். தையல்காரர் டம்ளரை வைத்துவிட்டு ஓடினார். மனைவியும் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே வந்தாள்.

மாமியார் தோளில் துண்டோடு குளியலறை வாசலில் நின்றிருந்தார். இன்னும் குளிக்கவில்லை. ஸ்டூல் அவர் காலடியில் தலைகீழாகக் கிடந்தது.

"இதுல எவனாவது உட்கார முடியுமா? காலு தரையில எட்டல. அந்தரத்துல தொங்குது. நான் குளிக்கறதா, ஊஞ்சல் ஆடறதா? நேத்தே சொல்லணும்னு நினைச்சேன். ஒரு தையல்காரருக்கு ஆளோட உயரம்கூடவா தெரியாது?"

அம்மா இப்படிப் பேசி மகளே கேட்டதில்லை. அவள் வாய்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

தையல்காரர் குனிந்து ஸ்டூலைப் பார்த்தார். நான்கு கால்களிலும், நுனியிலிருந்து இரண்டு விரல் அளவில், வெள்ளையாக ஒரு கோடு. கொஞ்சம் கோணலான கோடுதான், ஆனால் நான்கும் ஒரே அளவு. சாக்பீஸ் இல்லாத நாளில் அவரும் சோப்பு வில்லையால்தான் துணியில் கோடு போடுவார். நிமிர்ந்து குளியலறைக்குள் பார்த்தார். ஒரு முனை தேய்ந்த சோப்பு மரத் தட்டில் இருந்தது.

ஸ்டூலைக் கையில் தூக்கிக்கொண்டு, கடையில் எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"எப்ப வேணும் அத்தை?"

"எப்பன்னா? இன்னிக்கே குறைச்சுக் கொடுங்க" என்றார் மாமியார். "நாளைக்குக் காலையில நான் குளிக்க வேண்டாமா?"