ஐந்து மூலைச் சதுரம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சிக்னலில் கிடைத்தது. நான் ஒன்றும் தேடி அலையவில்லை. சிவப்பு விளக்கில் நின்ற பேருந்தில், ஓட்டுநராக இருந்த பெண் மடியைப் பார்த்து "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பச்சை விழுந்ததுகூடத் தெரியவில்லை. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தே எழுப்பினார்கள். இறங்கும்போது எட்டிப் பார்த்தேன். மடியில் கம்பளி நூல். அவ்வளவுதான் நிஜம், மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

முதல் வரிக்கு மூன்று முறை முயன்றேன்.

"வாழ்க்கை ஒரு நூற்கண்டு, அதன் நுனி..." (சீச்சீ.)

"அவள் விரல்கள் பின்னிய..." (எதை? இன்னும் ஒன்றும் பின்னவில்லையே.)

"அண்ணி பொய் சொன்னாள்."

இது தேறும். (அண்ணி வேறு யாருமில்லை, அந்த ஓட்டுநர்தான்.)

2

அண்ணி பொய் சொன்னாள். அதுவும் குடும்பம் மொத்தமும் பார்க்கிற போன் குழுவில் சொன்னாள்.

ஏழு மாதக் கர்ப்பிணியான நாத்தனார்தான் ஆரம்பித்து வைத்தது. "பாப்பாவுக்குப் போர்வை. ஆளுக்கு ஒரு கிரானி ஸ்கொயர்* போட்டுக் குடுங்க. ஞாயித்துக்கிழமை கடைசி. எல்லாத்தையும் நான் சேர்த்துக்கறேன்." கீழே இன்னொரு வரி: "அண்ணி, உங்களுக்கு டூட்டி இருக்கும். உங்களை விட்டுடறேன்."

அந்த 'விட்டுடறேன்' அண்ணிக்குச் சுருக்கென்று தைத்தது. கல்யாணமாகி நாலு வருஷமாகிறது. இந்த வீட்டில் எதற்கெடுத்தாலும் அவளை மரியாதையாக விட்டுவிடுகிறார்கள். சண்டைக்குக்கூட யாரும் கூப்பிடுவதில்லை. "ஏன்? எனக்கும் போடத் தெரியுமே" என்று தட்டிவிட்டாள். குரோஷா ஊசியை அவள் அதுவரை கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

(* ஊசியால் நூலைக் கோத்து, நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வளர்க்கும் சதுரம். பெயரில் பாட்டி இருக்கிறாளே, கதையில் எங்கே என்று கேட்காதீர்கள். வரமாட்டாள்.)

3

யார் கற்றுக்கொடுப்பது? முதல் வரைவில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு டீச்சரை வைத்திருந்தேன். அந்த அம்மாள் வாயைத் திறந்தாலே எனக்குக் கொட்டாவி வந்தது. தூக்கிவிட்டு, பணிமனை மெக்கானிக்கைக் கொண்டுவந்தேன். போன வருஷம் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்துக் கட்டில்காரரிடம் கற்றுக்கொண்டவன். நம்ப முடியவில்லையா? இருட்டில் தடவியே நட்டின் அளவைச் சொல்கிறவனுக்கு ஒரு ஊசி பெரிய காரியமா?

"அக்கா, மூணு தையல் சேர்ந்தா ஒரு கொத்து. நேர் ரோட்டுல ஒரு கொத்து. திருப்பம் வந்தா ரெண்டு கொத்து, நடுவுல ரெண்டு சங்கிலி. அம்புட்டுதான்."

"எப்போ திரும்பணும்னு எப்படித் தெரியும்?"

"உங்க ரூட்டை மனசுக்குள்ள ஓட்டுங்க. டிப்போவுல கிளம்பி டிப்போவுக்கே வந்தா ஒரு ரவுண்டு."

அண்ணி பிடித்துக்கொண்டாள். வங்கி முனை, பள்ளிக்கூட முனை, ஆஸ்பத்திரி முனை... மூன்று நாள், சாப்பாட்டு இடைவேளைகளிலும் சிக்னல்களிலுமாக, ஆறு சுற்று.

மெக்கானிக் நினைத்தது பழைய ரூட்டை. அதில் நாலே திருப்பம். குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டியதிலிருந்து அண்ணி ஒரு சந்து சுற்றிப் போகிறாள்.

4

ஞாயிறு காலை, கிளம்பும் நேரம். கணவன் அதை மேஜையில் விரித்துப் பார்த்தான்.

"சதுரம்னு சொன்னியே! ஒரு மூலையை இனாமா குடுத்துட்டாங்களா?"

அண்ணி எண்ணினாள். மறுபடி எண்ணினாள். ஐந்து. முகம் செத்துப்போயிற்று. பிரித்துப் போட இன்னும் மூன்று நாள் வேண்டும்.

"பேசாம 'டைம் இல்ல'ன்னு சொல்லிடு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றான் அவன்.

"அதான் பிரச்சினையே" என்றாள் அண்ணி.

5

இங்கே நான் இரண்டு முடிவுகளை எழுதி அடித்தேன்.

ஒன்று: வழியில் கடையில் ஒரு சதுரம் வாங்கிக்கொண்டு... (பொய்க்கு மேல் பொய்யா? அண்ணி கடைப் பக்கம் திரும்பவே மறுத்துவிட்டாள்.)

இரண்டு: நாத்தனார் கண்ணீர் மல்க அவளைக் கட்டிக்கொண்டு... (ஐயோ, வேண்டாம்.)

நடந்தது இதுதான். நாத்தனாரின் அறையில் கட்டில் முழுக்க முப்பத்தைந்து சதுரங்கள். அண்ணி தன்னுடையதை நீட்டினாள். நாத்தனார் மூலைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

"எனக்குப் போடத் தெரியாதும்மா. நீ என்னை விட்டுடறேன்னியா, பொறுக்கல. நானும் உங்கள்ல ஒருத்தியா இருக்கணும்னு பொய் சொல்லிட்டேன்" என்றாள் அண்ணி.

நாத்தனார் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"அண்ணி, நான் உங்களை விட்டது பயத்துல. அவ்வளவு பெரிய பஸ்ஸை ஓட்டறவங்க, இந்தக் கிறுக்குத்தனத்தைப் பார்த்துச் சிரிச்சிடுவீங்களோன்னு." பிறகு கிசுகிசுத்தாள். "இன்னொண்ணு. யார்கிட்டயும் சொல்லாதீங்க. சேர்த்துக்கறேன்னு பெருசா சொல்லிட்டேனே, எனக்கு ஒரு முடிச்சுகூடப் போடத் தெரியாது."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். நாத்தனார் ஐந்து மூலையை நடுவில் வைத்தாள். சுற்றி ஐந்து சதுரங்களை ஒட்டினாற்போல் அடுக்கினார்கள்.

"நடுநடுவே ஓட்டை விழுதே" என்றாள் அண்ணி.

"விழட்டும் அண்ணி. பாப்பா கால் நீட்டிக்கும்."

சரி, எப்படி இணைப்பது? இருவரும் இப்போது என்னைப் பார்க்கிறார்கள். சத்தியமாக எனக்குத் தெரியாது. மெக்கானிக்கும் ஒரே ஒரு சதுரத்தோடு டிஸ்சார்ஜ் ஆனவன். நான் பேனாவை மூடிவிட்டு நைசாக நழுவுகிறேன். அறைக்கதவு சும்மாதான் சாத்தியிருக்கிறது. இணைக்கத் தெரிந்தவர்கள் உள்ளே போங்கள். தெரியாதவர்கள் தயங்காமல் போங்கள்.