யார் முதலில் மாற்றுவது

பேய்க்குப் பல் கட்டியதற்குக் கூலி வந்திருந்தது.

அண்ணி மனிதர்களுக்குப் பல் செட் செய்து பிழைப்பவள்தான். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பினால், வீட்டுக்குப் பின்னால் இருந்த பட்டறையில் அவள் மெழுகில் வடிப்பாள். அவளுடைய நாத்தனார் கம்ப்யூட்டரில் வரைவாள். வரைந்த படங்களை இணையத்தில் பார்த்த ஒரு வீடியோ கேம் கம்பெனி, தன்னுடைய பேய் பூதங்களுக்கும் வாய் நிறையப் பல் வேண்டும் என்று கேட்டது. இருவரும் மாய்ந்து மாய்ந்து வடித்தும் வரைந்தும் கொடுத்தார்கள். கம்பெனியோ கூலியைப் பணமாகத் தராமல், தானே வெளியிட்ட கிரிப்டோ காசான டோக்கனாக, ஆளுக்குப் பாதி என்று அவரவர் போனிலிருந்த பணப்பையில், அதாவது வாலட்டில், போட்டுவிட்டது.

"பேய் குடுத்த காசு, விடிஞ்சா சாம்பலாயிரும் பாரு" என்று அண்ணியின் கணவர் சிரித்துக்கொண்டே வேலைக்குக் கிளம்பினார். அண்ணிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த டோக்கனை, விலை ஆடாமல் டாலரோடு ஒட்டி நிற்கும் இன்னொரு டோக்கனாக மாற்றிவிட்டால் பிறகு பணமாக்குவது சுலபம் என்று நாத்தனார் எங்கோ படித்திருந்தாள். சாப்பாடு முடிந்த கையோடு, மேஜை மேலிருந்த பிளாஸ்டர் தூளைத் துடைத்துவிட்டு, இருவரும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்தார்கள்.

"சரி, நான் குடுக்கிறேன். வாங்கிக்கிறது யாரு?" என்று அண்ணி கேட்டாள்.

"யாருமில்ல அண்ணி."

"யாருமில்லாம என்னடி வியாபாரம்?"

"ஒரு பொதுப் பானைன்னு வச்சுக்கங்க. அதுல நம்ம டோக்கன் கொஞ்சம், டாலர் டோக்கன் கொஞ்சம் போட்டு வச்சிருக்காங்க. நீங்க இதைப் போட்டா, அது கணக்குப் பண்ணி அதை எடுத்துக் குடுக்கும். எல்லாம் ஒரு புரோகிராம்தான்."

"போட்டு வச்சவன் என்ன தர்மப் பிரபுவா?"

"ஒவ்வொருத்தர் மாத்தும்போதும் அவங்களுக்குத் துளி கமிஷன் போகும்."

"அப்படிச் சொல்லு!" அண்ணிக்கு அதைக் கேட்டபிறகுதான் நம்பிக்கை வந்தது. லாபம் இல்லாமல் ஒருவன் பானை வைப்பதை அவளால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. ஆளில்லாத கடைக்கு லீவு உண்டா, அந்தப் பானை எந்த ஊரில் இருக்கிறது, கணக்குத் தப்பினால் யாரைப் போய்த் திட்டுவது என்று அடுக்கடுக்காகக் கேட்டாள். முதல் இரண்டுக்கும் நாத்தனார் எதையோ சொல்லிச் சமாளித்தாள். மூன்றாவதுக்கு உதட்டைப் பிதுக்கினாள்.

முதலில் கொஞ்சமே கொஞ்சம் மாற்றிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அண்ணி பட்டனை அமுக்கினாள். வாலட் சம்மதம் கேட்டது, கொடுத்தாள். கட்டணமாகக் கொஞ்சம் கழிந்தது. டாலர் டோக்கன் வருவேனா என்றது.

"போச்சு! முழுங்கிருச்சு!"

"பதறாதீங்க. இப்ப குடுத்தது அனுமதி மட்டும்தான். எடுத்துக்கலாம்னு சொல்லியிருக்கீங்க, மாத்துன்னு இன்னும் சொல்லல. மறுபடி அமுக்கணும்."

"ரெண்டு தடவை கேக்குதா? உங்க அண்ணன் ஒரு தடவைகூடக் கேக்கிறதில்ல."

இரண்டாம் முறை அமுக்கினாள். கண் மூடித் திறப்பதற்குள் பச்சை டிக் விழுந்தது. வாலட்டில் டாலர் டோக்கன் வந்து உட்கார்ந்திருந்தது. அண்ணி வாயைப் பிளந்தபடி போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள், கிட்டே வைத்துப் பார்த்தாள். சின்ன வயதில் ரேடியோவைக் கழற்றிப் பார்த்தபோதுகூட அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

"அண்ணி, என் போன்ல ரேட்டு இறங்கிருச்சே" என்றாள் நாத்தனார்.

அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. பானை சின்னது. ஒருத்தி டாலரை எடுக்க எடுக்க, உள்ளே மிச்சமிருப்பது குறையும். அடுத்தவளுக்கு அது விலை ஏறும். நாத்தனார் தன்னிடம் இருந்த மொத்தத்தையும் மாற்றுவதாக எண்ணைப் போட்டுப் பார்த்தாள். திரை சிவப்பெழுத்தில் எச்சரித்தது. காகிதத்தில் கணக்குப் போட்டாள். முதலில் மாற்றுகிறவளுக்கு எவ்வளவு கிடைக்குமோ, அதில் பாதிதான் இரண்டாவது ஆளுக்குத் தேறும்.

அண்ணிக்குப் பீங்கான் பல் சுடும் அடுப்பு வாங்க வேண்டும். இருக்கிற அடுப்பு பாதிப் பல்லை விரிசல் விட வைத்தது. நாத்தனாருக்கு ஒரு தனி அறைக்கு முன்பணம் வேண்டும். விவாகரத்துக்குப் பிறகு அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்து அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. முந்துகிறவளுக்கு வேண்டியது கிடைத்துவிடும். பிந்துகிறவளுக்குக் கிடைக்காது.

"எல்லாத்தையும் ஒரே வாலட்ல சேத்து, ஒண்ணா மாத்திட்டு, வர்றதைச் சரிபாதியாப் பிரிச்சுக்கலாம். முந்துறவளுக்குக் கிடைக்கிறதுல முக்கால்வாசியாவது ஆளுக்குத் தேறும்" என்றாள் நாத்தனார்.

"யார் வாலட்ல?"

நாத்தனார் தன் போனைக் கைக்குள் இழுத்துக்கொண்டாள். அனுப்பிவிட்டால் திரும்பக் கேட்க ரசீது கிடையாது, புகார் சொல்ல ஆளும் கிடையாது. சும்மாவே இருவரும் எலியும் பூனையும். குழம்பில் உப்பு யார் போட்டது என்பதில் தொடங்கி அவர்களுக்குள் தீராத வழக்குகள் பல இருந்தன.

வாசல் மணி அடித்தது. கிளினிக்கிலிருந்து பல் செட்டை வாங்கிப்போக நர்ஸ் வந்திருந்தாள். போன தடவை அனுப்பிய பல் டியூப் லைட் மாதிரி இருந்ததாக நோயாளி குறைப்பட்டாராம். அண்ணி இந்த செட்டை வெயிலில் காட்டி, நிழலில் காட்டி, அவள் தலையாட்டும்வரை பேசி அனுப்பினாள். பேசியது வாய்தான், மனசு முழுக்கப் பட்டறையிலேயே இருந்தது.

திரும்பி வந்தபோது நாத்தனார் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். அவள் போன் மேஜைமேல் குப்புறக் கிடந்தது. அண்ணி தன் போனை எடுத்து ரேட்டைப் பார்த்தாள். பொத்தென்று விழுந்திருந்தது.

முந்திக்கொண்டாள் பாவி! அண்ணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பானையில் யார் எதை எடுத்தாலும் உலகத்துக்கே தெரிகிற பக்கம் ஒன்று உண்டு, அதைத் திறந்தாள். உச்சியில் ஒரு பெரிய மாற்றல், சற்றுமுன் நடந்தது. பக்கத்தில் எழுத்தும் எண்ணுமாக ஒரு நீள முகவரி. இது நாத்தனாருடையதுதானா என்று, தன் வாலட்டில் குறித்து வைத்திருந்த அவள் முகவரியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நாலு வார்த்தை கேட்கலாம் என்று அதற்குள் போனாள்.

அங்கே அவளுடைய டோக்கன்கள் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தன. நாத்தனாரின் பங்கு முழுவதும் வந்து சேர்ந்திருந்தது. ரேட்டை இறக்கியது முகம் தெரியாத எவனோ ஒருவன்.

அண்ணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவள் முகத்தையும் திறந்திருந்த பக்கத்தையும் பார்த்தாள்.

"என்னைத்தானே தேடினீங்க?"

"ஆமாடி. எப்படி என்னை நம்பி மொத்தத்தையும் அனுப்பின?"

"உங்களை நம்பியா?" நாத்தனாருக்குச் சிரிப்பு வரப் பார்த்து, வராமல் போயிற்று. "நீங்க அந்தப் பக்கம் போனதும் என் விரல் நேராப் போய் அந்தப் பட்டன் மேல நின்னுச்சு அண்ணி. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா அமுக்கியிருப்பேன். என்னை நம்பத்தான் பயமா இருந்துச்சு. அதான் கையில இல்லாமப் பண்ணிட்டேன்."

அண்ணி நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டாள்.

"நானா இருந்தா அனுப்பியிருக்க மாட்டேன்டி."

"தெரியும்" என்றாள் நாத்தனார். "சீக்கிரம் மாத்துங்க, அவன் மறுபடி வர்றதுக்குள்ள."