தறிக்குழியில் ஒரு காய்

என் தறிக்குழியில் என் காலுக்கே இடமில்லாமல் போய் நான்கு மாதமாகிறது. நான் கைலாசம், பட்டு நெசவு. குழித்தறிக்காரன் தரையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டுத்தான் மிதியை மிதிப்பான். குழி இருப்பதே அதற்குத்தான். என் மனைவி கலாவதிக்கு மட்டும் அது வேறு மாதிரித் தெரிந்தது.

"வீட்லயே இங்கதாங்க சில்லுனு இருக்குது" என்றாள் ஒரு நாள், குழிக்குள் கையை விட்டுப் பார்த்து. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். நான் பாட்டுக்கு ஊடுநூல் ஓட்டும் நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அவளுக்குக் காசித்தும்பைப் பைத்தியம். வேலியோரம் முளைக்கிற சாதாரணக் காசித்தும்பை அவள் கணக்கில் பூவே இல்லை. மலைக்காட்டில், அருவிச் சாரலில் வளர்கிற ஜாதிதான் வேண்டும். விதை பரிமாறுகிற வாட்ஸப் குழுவில் இருக்கும் கோத்தகிரி ஜோசுவா பன்னிரண்டு விதை அனுப்பினார். கிளி பறக்கிற மாதிரிப் பூக்குமாம். காஞ்சிபுரத்து வெயிலில் நிஜக் கிளியே பறக்க யோசிக்கிறது. மொட்டை மாடியில் முளைத்தவை ஒரே மதியத்தில் கருகின. குளியலறையில் வைத்தவை அழுகின. மிஞ்சிய ஒரே செடி தொட்டியோடு என் குழிக்குள் இறங்கியது. அதற்கு வெளிச்சம் வேண்டுமென்று ஊதா நிறத்தில் ஒரு விளக்கும் இறங்கியது.

அது பூத்தது. வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன், அசல் கிளிதான். முதலில் பிடித்த காய்க்கு, விதை சிதறாமலிருக்க, அவள் வலைப்பை கட்டினாள். குழி ஈரத்தில் பையோடு அழுகிவிட்டது. அடுத்து ஒரே ஒரு காய். அந்த வாரம் ஜோசுவா போன் செய்தார்.

"அக்கா, காட்டுப்பன்னி வந்து எல்லாத்தையும் தோண்டிடுச்சு. இனிமே உங்க கிட்ட இருக்கிறதுதான்."

போனை வைத்துவிட்டு அழுதாள். தங்கச் சங்கிலி தொலைந்தபோதுகூட அவள் அழவில்லை. எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

காசித்தும்பைக் காயின் குணம் தெரியுமல்லவா? முற்றியபின் விரல் பட்டாலே வெடித்து விதையை நாலா பக்கமும் வீசிவிடும். முற்றாமல் பறித்தால் முளைக்காது. ஆக, அது முற்றும்வரை என் கால் அசையக்கூடாது. ஆனால் ஒரு கல்யாணப் புடவையையும் முடித்துக் கொடுக்க வேண்டும்.

"கட்ட விரலால மட்டும் மிதிங்க" என்றாள். "கொசு கடிச்சா சொறியாதீங்க."

முட்டி வலி வராமல் என்ன செய்யும்? முட்டியிலிருந்து கணுக்கால்வரை விளக்கெண்ணெயை அப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். நாளெல்லாம் நெய்தால் இரண்டு விரற்கடை தேறியது.

இதற்கிடையில் ஊதா வெளிச்சம் ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டுக் கண்ணாயிரம் எட்டிப் பார்த்தார்.

"இன்னா கைலாசம், தறிக்குழியில ஜோதி தெரியுதுன்னு தெருவே பேசிக்கினு இருக்குது. நீ மூச்சே விடல?"

"லைட்டுப்பா அது. செடிக்குப் போட்டது."

"அம்பாள் சொல்லிக்கினா வருவா?"

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதுவும் இந்த ஊரில். மற்ற ஊரில் குழி தோண்டினால் தண்ணீர்க் குழாய் வரும். இங்கே சாமி வரும்.

வெள்ளிக்கிழமை காலையில் கற்பூரம், தேங்காயோடு இருபது பேர் வந்து நின்றார்கள். முன்னால் கண்ணாயிரம், கையில் ஒரு சொம்புப் பால். குழிக்கு அபிஷேகமாம். கலாவதி குறுக்கே விழுந்து தடுத்தாள். இது வெறும் செடி என்று நிரூபிக்க அதன் விஞ்ஞானப் பெயரை முழுசாகச் சொன்னாள். அதைக் கேட்டுக் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"மந்திரம் வேற சொல்லுதுபா!"

வாசலில் எவனோ தேங்காயை உடைத்தான். காய் நடுங்கியது. நான் தறியைவிட்டு எழக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். கண்ணாயிரம் கண்ணை மூடிக்கொண்டு சொம்பைச் சாய்த்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. இரண்டு காலையும் சேர்த்துச் செடிக்கு மேலே நீட்டினேன். கலாவதி பாய்ந்து சொம்பைப் பிடுங்கிவிட்டாள். ஆனாலும் ஒரு கை பால் முட்டியில் விழுந்தது. பிரிட்ஜில் இருந்த பால். கால் தானாக உதறியது.

டப்.

அவ்வளவுதான் சத்தம். கலாவதி முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. செத்துப் போகலாம் போலிருந்தது. இத்தனை நாள் ஒரு கொசுவைக்கூட அடிக்காமல் காத்த காயை நானே உதைத்துவிட்டேன்.

அப்போதுதான் கெண்டைக்காலில் என்னவோ குறுகுறுத்தது.

"கலா, என் காலைப் பாரு."

"அசையாதீங்க!" என்று கத்தினாள்.

விளக்கெண்ணெயில் விதைகள் அப்படியே ஒட்டியிருந்தன. பட்டில் பிசிறு எடுக்கிற சின்ன இடுக்கியோடு குப்புறப் படுத்து, குழிக்குள் தலையை விட்டு, ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்ததையெல்லாம் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஏழு விதை.

"ஏழு இருக்குதுங்க" என்றாள். என் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே அழுதாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். இவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததேயில்லை.

மேலே கண்ணாயிரம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டின பெண்டாட்டியே விழுந்து கும்பிடும் காலை அவர் விடுவாரா? கற்பூரத்தட்டை என் இடது காலுக்கு மூன்று சுற்று சுற்றினார். இப்போதும் வெள்ளிக்கிழமை வந்தால் இரண்டு பேராவது "கால் இருக்குதா?" என்று விசாரிக்கிறார்கள்.

நாலு விதை கோத்தகிரிக்குப் போனது. மீதி மூன்றும் முளைத்துவிட்டன.

"எங்கங்க வைக்கிறது?" என்று கலாவதி கேட்டாள். சும்மா கேட்டாள், கண் குழியிலேயே இருந்தது.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய், விளக்கெண்ணெய் பெரிய பாட்டிலாக ஒன்று வாங்கி வந்தேன்.