நஃபீசாவின் குரலைத் தாங்கும் ஆம்ப்ளிஃபையர்

2024 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ்க்கட்டளையில் சௌகத் அலியின் வீட்டு ஹாலில் இருந்த இரண்டு ஸ்பீக்கர்களும் 2013-இல் அதே ஹாலில் நடந்த ஒரு பேச்சைப் பேசின. பாட்டு எதுவும் போடப்பட்டிருக்கவில்லை. ஆம்ப்ளிஃபையரில் ஸ்பீக்கர் வயர்கள் மட்டுமே செருகியிருந்தன. முதலில் சௌகத் அலியின் குரல் வந்தது, பதினோரு வருடம் இளமையாக: "முடிச்சூர்ல ஒரு வூடு வருது, நஃபீசா. ஸ்டாக் வெச்சுக்க நல்ல எடம். வாங்கிடலாம்னு பாக்கறேன். நீ இன்னா சொல்றே?" அதற்கு அவர் மனைவி நஃபீசா பதில் சொல்லத் தொடங்கினார். மூச்சை இழுக்கும் சத்தமும் ஒரு சொல்லின் முதல் எழுத்தும் வந்தன. அதோடு ஆம்ப்ளிஃபையர் டக்கென்று சத்தமிட்டு அணைந்துபோனது. ஹாலில் அப்போது உட்கார்ந்திருந்தவர்கள் சௌகத் அலி, நஃபீசா, எதிர்வீட்டு லக்ஷ்மிநாராயணன் ஆகிய மூவர். ஆம்ப்ளிஃபையர் லக்ஷ்மிநாராயணனுடையது. அவர் அதன் முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ரொம்பச் சூடாகிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

அந்த ஸ்பீக்கர்களைச் சௌகத் அலி ஸ்பீக்கர் என்று தெரிந்து வாங்கவில்லை. ஜூலை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து பல்லாவரம் சந்தைக்குள் போனவர், பழைய கட்டில்களுக்கும் துருப்பிடித்த தையல் மிஷின்களுக்கும் நடுவில் ஆளுயரக் கறுப்பு வலைத் தட்டிகள் இரண்டு சாய்ந்திருப்பதைப் பார்த்தார். விருந்தாளிகள் வந்தால் பெண்கள் தனியாக உட்கார, ஹாலின் குறுக்கே வைக்க ஒரு மறைப்பு வேண்டும் என்று நஃபீசா வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பேரம் பேசி, குட்டியானை வண்டியில் ஏற்றி வந்து நிறுத்தினார். நஃபீசா அந்தப் பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு, "ஏங்க, இங்கேர்ந்து உங்க வழுக்கை வரைக்கும் தெரியுது. இதுக்குப் பேரு மறைப்பா?" என்றார். தட்டிகள் ஷோகேஸுக்குப் பக்கத்தில் ஒதுக்கப்பட்டன. தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற லக்ஷ்மிநாராயணன் ஏணி இரவல் கேட்க வந்தவர், தட்டிகளைப் பார்த்ததும் வந்த வேலையை மறந்தார். "பாய், இது தட்டி இல்ல. எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர். என் வாழ்க்கைல ரெண்டே தடவதான் பாத்திருக்கேன், ரெண்டும் அடுத்தவன் வீட்ல" என்றார். அன்றைக்கே தன் வீட்டு ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்து வைக்கிறேன் என்றவர், மனைவி ஞானாம்பாளிடம் அனுமதி வாங்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்.

பேச்சு எங்கிருந்து வந்தது என்பதில் யாருக்கும் பெரிய குழப்பம் இல்லை. அந்த ஸ்பீக்கருக்குள் காந்தமும் கூம்பும் கிடையாது. இரண்டு உலோக வலைகளுக்கு நடுவே தலைமுடியைவிட மெல்லிய ஒரு படலம், அதில் சில ஆயிரம் வோல்ட் மின்னேற்றம், அவ்வளவுதான். பழைய டிவி திரையைப்போல அது அக்கம்பக்கத்துத் தூசையெல்லாம் இழுக்கும். ஷோகேஸின் உச்சி நஃபீசாவுக்கு எட்டாது. நான் துடைக்கிறேன் என்று சௌகத் அலி 2013-இல் சொன்னதோடு சரி. அந்த வருடத்துத் தூசு அங்கேயே இருந்தது, அதோடு அந்த வருடத்துப் பேச்சும் படிந்திருந்தது. படலம் இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. முழுதாக வெளியே வராத பேச்சு தீராது என்பதும் சீக்கிரமே தெரிந்தது. ஸ்விட்சைப் போடும்போதெல்லாம் சௌகத் அலியின் கேள்வி முதலிலிருந்து வந்தது, நஃபீசாவின் முதல் எழுத்தில் ஆம்ப்ளிஃபையர் அணைந்தது.

ஏன் அங்கே மட்டும் அணைகிறது என்பதற்கும் காரணம் இருந்தது. இந்த வகை ஸ்பீக்கர் அடிக்குரலுக்குச் சாதுவாக இருக்கும். குரல் மேலே ஏற ஏற அதன் மின்தடை, அதாவது ஓம் கணக்கு, இறங்கிக்கொண்டே போகும், கீச்சென்ற இடத்தில் ஒரு ஓமுக்கும் கீழே. அப்போது அது ஆம்ப்ளிஃபையரிடம் கேட்கும் மின்சாரம் கொஞ்சநஞ்சமல்ல. சௌகத் அலியுடையது கிடங்கில் பழகிய கனத்த குரல். நஃபீசா மாடியிலிருந்து கூப்பிட்டால் மூன்றாவது தெருவில் போகும் காய்கறி வண்டி திரும்பி வரும். லக்ஷ்மிநாராயணன் இதைத் தன் வீட்டில் போய் விளக்கினார். ஞானாம்பாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். "பாய் குரலை எந்த ஆம்ப்ளிஃபையரும் தாங்குது. அவங்க குரலைத் தாங்கத்தான் ஒண்ணும் இல்லை. இதுல அதிசயம் எங்க இருக்குன்னு எனக்குப் புரியலை" என்றார்.

2013-இல் நஃபீசா சொன்ன அந்தப் பதில் முக்கியமானதாக இருந்தது. சௌகத் அலி பல்லாவரத்தில் தோல் பெல்ட்டும் பையும் செய்து விற்றவர். 2013-இல் முடிச்சூரில் வாங்கிய வீட்டைக் கிடங்காக வைத்திருந்தார். 2015 டிசம்பரில் ஜன்னல் மட்டத்துக்கு வந்த தண்ணீரில் பெல்ட்டுகள் எல்லாம் வாசல் வழியாக நீந்தி வெளியேறின. மறுவாரத்திலிருந்து வீட்டில் ஒரு வழக்கு நடந்துவந்தது. வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேன் என்பது நஃபீசாவின் கட்சி. நீதான் வாங்கச் சொன்னாய் என்பது சௌகத் அலியின் கட்சி. இப்போது தொழிலை மூடிவிட்ட சௌகத் அலி, கீழ்க்கட்டளை வீட்டை விற்றுவிட்டு அதே முடிச்சூரில், ஏரியைப் பார்த்து நிற்கும் புதிய தனிவீடு ஒன்றில் மிச்சக் காலத்தைக் கழிக்க முடிவு செய்திருந்தார். வரமாட்டேன் என்றார் நஃபீசா. ஆகஸ்ட் 11 மாலை இருவரும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். "அந்தப் பேச்சு முழுசா வரட்டும். நீ வாங்கலாம்னு சொல்லியிருந்தா, நான் சொல்ற எடத்துக்கு வாயை மூடிகினு வரணும்" என்றார் சௌகத் அலி. "வேணாம்னு சொல்லியிருந்தா நான் சொல்ற எடத்துக்கு நீங்க வரணும். வாயைத் தொறந்துகினுகூட வரலாம்" என்றார் நஃபீசா. அன்று முதல் ஷோகேஸ் பக்கம் துடைப்பம் போகக்கூடாது என்று நஃபீசா உத்தரவிட்டார். பண்டம் பாத்திரத்தைக்கூட வேகமாக வைக்காமல் பழகிக்கொண்டார்.

அடுத்த பத்து மாதம் அந்த வீட்டுக்கு ஆம்ப்ளிஃபையர்கள் மாப்பிள்ளைகளைப்போல வந்து போயின. ஆன்லைனில் வாங்கிய ஒன்று உள்ளங்கை அகலம்தான் இருந்தது. பெட்டியின் மேல் ஐந்நூறு வாட்ஸ் என்று எழுதியிருந்தது. நஃபீசாவின் குரல் வரவேண்டிய இடத்தில் அது ஒரு விசில் அடித்தது. தெருவிலுள்ள குக்கர்கள் எல்லாம், அடுப்பில் இல்லாதவை உட்பட, பதில் விசில் அடித்தன. ஞானாம்பாள் வீட்டில் அன்றைக்குச் சாதம் குழைந்தது. அதைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்து, தாம்பரத்தில் கல்யாண மண்டபங்களுக்கு மைக்செட் போடும் டேனியல் தன்னுடைய ஆயிரம் வாட்ஸ் ஆம்ப்ளிஃபையரை இறக்கினான். "பாய், இது ஊர்வலத்துலயே நின்ன ஆம்ப்ளி. ஒரு பொம்பளை குரலுக்கு அணைஞ்சிடுமா இன்னா?" என்றான். நஃபீசாவின் முதல் எழுத்தைத் தாண்டி முதல் சொல் வரை அது போனது. ஆனால் அதுவரை உழைத்த மண்டபங்கள் எல்லாம் அதோடு வந்தன. ஹாலில் சாம்பார் வாசனை எழுந்தது, பெண்வீட்டார் மேடைக்கு வரவும் என்று யாரோ அறிவித்தார்கள், மேலிருந்து அட்சதை விழுந்தது. பிறகு புகை வந்தது. டேனியல் வயரைப் பிடுங்கிவிட்டு, "இது ஸ்பீக்கரா, வெல்டிங் மிஷினா? செம பேஜார் சார்" என்று லக்ஷ்மிநாராயணனிடம் வருத்தப்பட்டான். நஃபீசா அரிசியைக் கையாலேயே பொறுக்கி எடுத்தார்.

ஜனவரியில் சேலையூரிலிருந்து வேதசிரோமணி என்ற ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர் வந்தார். ஆம்ப்ளிஃபையர்களைச் சேகரிப்பவர். அவர் கொண்டுவந்தது வால்வு ஆம்ப்ளிஃபையர், நான்கு கண்ணாடிக் குழல்கள் இரவு விளக்கைப்போல எரிந்தன. அது அணையவில்லை. நஃபீசாவின் குரல் முதன்முறையாக ஒரு வாக்கியம் அளவுக்கு வந்தது, ஆனால் தேனில் ஊறவைத்தாற்போல. கூர்மை எல்லாம் மழுங்கி, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எதைக் கேட்டாலும் தலையாட்டும் ஒரு பெண் அந்த ஹாலில் பேசினாள். என்ன சொல்கிறாள் என்று யாருக்கும் பிடிபடவில்லை. சௌகத் அலி கண்ணை மூடிக் கேட்டார். "சார், இதையே வெச்சுக்கலாமே" என்றார்.

"இது நான் இல்ல" என்றார் நஃபீசா. "எடுத்துகினு போகச் சொல்லுங்க."

வேதசிரோமணி சிரித்தார். வாட்ஸைப் பார்த்து ஆம்ப்ளிஃபையர் வாங்குவது ஆளின் சட்டையைப் பார்த்துப் பெண் கொடுப்பது மாதிரி என்றார். ஓம் பாதியாக இறங்கினால் வாட்ஸ் இரட்டிப்பாக ஏறவேண்டும், அதிலும் பாதியானால் மறுபடி இரட்டிப்பாகவேண்டும், கேட்ட மின்சாரத்தைக் கேட்ட நொடியில் முகம் சுளிக்காமல் கொடுப்பதுதான் இதற்கு லாயக்கு என்றார். அப்படி ஒன்று தன் கட்டிலுக்கு அடியில் இருப்பதாகவும், அதைப் போட்டால் அடுக்குமாடியின் லிஃப்ட் நின்றுவிடுவதால் குடியிருப்போர் சங்கத்தார் தடை விதித்திருப்பதாகவும் சொன்னார். அதை இரவல் தர அவருக்கு மனம் வர மே மாதம் ஆயிற்று. இதற்குள் முடிச்சூர் வீட்டுக்காரரின் ஆள் வாரம் தவறாமல் போன் செய்து, அட்வான்ஸ் எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஆம்ப்ளிஃபையர் அமையவில்லை என்றார் சௌகத் அலி. அந்த ஆள் அதைப் புது மாதிரியான சாக்கு என்று எழுதிக்கொண்டான்.

2025 ஜூன் முதல் ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நான்கு பேர் அதைத் தூக்கிவந்து தரையில் வைத்தார்கள். டைல்ஸ் ஒன்று விரிசல் விட்டது. லக்ஷ்மிநாராயணன், ஞானாம்பாள், வேதசிரோமணி, டேனியல் ஆகியோர் உட்கார்ந்தார்கள். ஸ்விட்சைப் போட்டதும் தெருவில் எல்லா ஃபேனும் மெதுவாகின. தெரு முனையில் அயர்ன் போடுபவரின் கரிப்பெட்டிகூட ஆறிவிட்டது. சௌகத் அலியின் பழைய கேள்வி வந்தது. எல்லோருக்கும் மனப்பாடமான கேள்வி. பிறகு நஃபீசாவின் குரல் வந்தது, ஒரு மயிரிழைகூட மழுங்காமல்:

"ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. போய்ப் பாத்தேனே, அந்த வூட்டு செவுத்துல முழங்கால் ஒயரத்துக்குப் பாசி புடிச்ச கோடு கீது. புதுசா சுண்ணாம்பு அடிச்சும் தெரியுது. எதுத்த வூட்டுக்காரன் எட்டுப் படி வெச்சுக் கட்டியிருக்கான், ஏறி எறங்க ஆசைப்பட்டா கட்டினான்? வாசல்ல கொக்கு நிக்குது. வூட்டு வாசல்ல கொக்குக்கு இன்னா வேல? வேணாங்க. கேக்கறீங்களா?"

வலதுபக்க ஸ்பீக்கரிலிருந்து பதில் வந்தது. அது ஒரு குறட்டை. ஹாலில் இருந்தவர்கள் சௌகத் அலியைப் பார்த்தார்கள். 2013-இல் பேச்சு நடந்த அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்கும் பிரியாணி. குறட்டை கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு தூக்கம் கலைந்த குரலில் பழைய சௌகத் அலி, "ஆங், அப்போ வாங்கிடலாம்ல?" என்று கேட்டார். ஒரு டம்ளரை எடுத்து வைக்கும் சத்தம். அப்புறம் நஃபீசா சொன்னார்: "உங்க இஷ்டம்."

"பாத்தியா!" என்று சௌகத் அலி எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அந்த ஆம்ப்ளிஃபையர் சொற்களை மட்டும் கொடுக்கும் ரகமல்ல. சொன்ன விதத்தையும் அது குறைக்காமல் கொடுத்தது. அந்த இரண்டு சொற்கள் வந்த வேகத்தில் ஜன்னல் கதவு தானாகச் சாத்திக்கொண்டது, ஜூன் மாத வெயிலில் டீ டம்ளர்களில் மெல்லிசாக ஐஸ் படர்ந்தது, சுவரில் இருந்த மாதக் காலண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. லக்ஷ்மிநாராயணன் பயத்தில் தன் மனைவியின் பக்கம் பார்த்தார். டேனியலுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அவனே, "ஐயையோ, பாய்! இதையா நீங்க சரின்னு எடுத்துகினீங்க?" என்று கேட்டுவிட்டான்.

இந்த இரண்டு சொற்களைச் சொன்னதே நஃபீசாவுக்கு மறந்துபோயிருந்தது. சௌகத் அலி, "இன்னொரு தடவ போடுங்க சார்" என்றார். போட்டார்கள். வெறும் அமைதிதான் இருந்தது. முழுதாக வெளியே வந்துவிட்டதால் பேச்சு தீர்ந்துவிட்டிருந்தது. சௌகத் அலி நாற்காலியை இழுத்து, மனைவிக்கு எதிரில் போட்டுக்கொண்டு, சாயாமல் உட்கார்ந்தார்.

"நீ இன்னா சொல்றே?" என்று கேட்டார்.

நஃபீசா சொல்லத் தொடங்கினார். லக்ஷ்மிநாராயணன் ஆம்ப்ளிஃபையரை அணைத்தார், தெருவில் ஃபேன்கள் வேகம் பிடித்தன. மற்றவர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டார்கள். பிற்பகல் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது நஃபீசா ஏரி, படி, கொக்கு எல்லாம் முடித்து, மாடி எந்தத் திசையைப் பார்க்கவேண்டும் என்பதற்கு வந்திருந்தார். சௌகத் அலி விழித்திருந்தார்.

முடிச்சூர் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப்படவில்லை. செப்டம்பரில் அவர்கள் பம்மலில், மேட்டுப் பகுதியில், நஃபீசா பார்த்து வைத்த மூன்றாவது மாடிக்குக் குடிபோனார்கள். அங்கே லிஃப்ட் இல்லை. வேதசிரோமணி ஆம்ப்ளிஃபையரைத் திரும்பக் கேட்கவில்லை, சங்கத்தார் அவருக்கு நன்றி தெரிவித்தார்கள். புது வீட்டில் ஸ்பீக்கர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாததால் அக்டோபர் முழுக்கப் பாட்டுக் கேட்டார்கள். நவம்பர் மத்தியில் ஒரு காலை, பாட்டுக்கு நடுவே, "பால் பொங்குது, பாருங்க" என்று நஃபீசாவின் குரல் வந்தது. சௌகத் அலி உடனே எழுந்து சமையலறைக்குப் போனார். அடுப்பு எரியவில்லை. அது போன வாரப் பால்.