பட்டைத் தண்ணீர் பற்றி ஒரு திருத்தம்

1

இந்தக் கதையை என்னிடம் கேட்டு வாங்கியவர் உமா மகேஸ்வரி. மத்திய அந்தமான் ரங்கத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து, போர்ட் பிளேரில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். (பெயரை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். மாற்றினால் தன் கணவர் நம்ப மாட்டார் என்றார்.)

"தமிழ்ச் சங்க மலர்ல பட்டைத் தண்ணி சர்க்கரையைக் குறைக்கும்னு எழுதினது நீங்கதானே சார்? எங்க வீட்டுக்காரர் அதைக் கத்தரிச்சு அலமாரியில ஒட்டிட்டார். அன்னையிலேருந்து தவாய் பந்த்."

மருந்தை நிறுத்தியதைத்தான் சொல்கிறார். கணவர் வெள்ளைச்சாமி, சாலை கான்ட்ராக்டர். கால் விரலில் புண். ஐந்து வாரமாக ஆறவில்லை.

"தினம் என் முன்னாடிதான் மாத்திரையை வாயில போடுவார். அவரோட பட்டை டப்பாவை மட்டும் தொட விட மாட்டார். நேத்து தொட்டேன். அடியில அத்தனை மாத்திரையும் கிடக்கு. டாக்டர் சொன்னா கேக்க மாட்டார் சார். அச்சுல வந்தாத்தான் நம்புவார். தப்புன்னு நீங்களே எழுதுங்க."

2

முதல் தொடக்கம்: 'வெள்ளைச்சாமி ஒரு பிடிவாதக்காரர்.' அடித்துவிட்டேன். எனக்கு ரொம்ப வசதியான வாக்கியம், அதனாலேயே சந்தேகம்.

இரண்டாவது: 'மசாலாப் பொருட்களின் நன்மைகள் குறித்த ஆய்வுகள்' எந்த ஆய்வு? மலரில் ஒரு பக்கம் காலியாக இருந்தது. போனில் யாரோ அனுப்பியிருந்ததை என் நடையில் எழுதிக் கொடுத்தேன். பட்டை, மஞ்சள், மிளகு எல்லாம் குழம்புக்கு நல்லது. உடம்புக்கும் கொஞ்சம் நல்லதாக இருக்கலாம். 'கொஞ்சம்', 'இருக்கலாம்' இரண்டையும் நடை கெடுமென்று வெட்டியவன் நான்.

(அடிக்குறிப்பு: எனக்கும் சர்க்கரை உண்டு. அந்தக் கட்டுரைக்கு உட்காரும் முன்பும் மாத்திரை போட்டுக்கொண்டேன். ஒரு நாளும் விட்டதில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.)

3

முடிவு ஒன்று: வெள்ளைச்சாமி நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புண்ணைக் காட்டுகிறார். இவ்வளவு சுலபமாகவா? நானே நம்பவில்லை.

முடிவு இரண்டு: புண் மேலேறுகிறது. போர்ட் பிளேருக்குக் கொண்டுவருகிறார்கள். முழங்காலுக்குக் கீழே

இதை எழுத மாட்டேன். பயமாக இருக்கிறது.

மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும், இனி இது அவருக்கு மட்டும். வெள்ளைச்சாமி அண்ணே, அலமாரியில் இருப்பதைக் கிழித்துவிட்டு இதை ஒட்டுங்கள். இந்தப் பக்கத்தை உங்களிடம் நீட்டும்போது அண்ணி மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்திருப்பார். முடிவு உங்களுடையது. விழுங்கிய பிறகு வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி அவரிடம் காட்டுங்கள். என்னை நம்பியது போதும், அண்ணே. நானும் உங்களை நம்பவில்லை.